இரத்தம் பார்த்து வாங்கியவர்கள்

லண்டன் சவுத்தாலில் ஓர் ஆடு எப்படிச் செத்தது என்பதில் சனத்துக்கு இருக்கும் அக்கறையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரு கடையின் பலகையில் ஹலால் என்று எழுதியிருக்கும். அதற்குக் கழுத்து அறுபட வேண்டும், இறைவன் பெயர் சொல்லப்பட வேண்டும், இரத்தம் வடிய வேண்டும். இன்னொரு கடையின் பலகை ஜட்கா என்னும். அங்கே ஒரே வெட்டில் தலை போய்விட வேண்டும். நின்று நிதானமாக அறுப்பது ஆகாது. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று கரட் அல்வா வாங்குவார்கள். ஆனால் ஒருவர் கடையில் மற்றவர் கால் கிலோ எலும்புகூட வாங்கமாட்டார்.

மீன்கடைக்கு மட்டும் அப்படியொரு பலகை கிடையாது. மீனுக்கு அறுவை தேவையில்லை என்று இஸ்லாம் விலக்குக் கொடுத்துவிட்டது. சீக்கியரும் மீனுக்கு ஜட்கா கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவர்களான நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டோம். வியாழக்கிழமை தொட்ட மீன் எப்படிச் செத்தது என்று எந்தக் கோயில் ஐயரும் எங்களைக் கேட்டதில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம்தான் கடைசியில் கொஞ்சம் யோசித்தது. 2022இல் வந்த விலங்கு நலச் சட்டம் ஒன்று, முதுகெலும்புள்ள பிராணிகளோடு நண்டு, றால், கணவாய் வகையறாவையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஒப்புக்கொண்டது. நாங்கள் எத்தனை நண்டை உயிரோடு கூழ்ப்பானைக்குள் விட்டிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். சட்டம் நல்லகாலமாக முன்தேதியிட்டு வரவில்லை.

இப்போது மீனுக்கும் ஒரு சடங்கு வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்துக்குள் அதைக் கொண்டுவந்தவன் என் தங்கையின் மகன். லண்டனில் பிறந்து வளர்ந்தவன், வேலை கணினியில். சனி ஞாயிறுகளில் சசெக்ஸ் கரையில் நியூஹேவனுக்குப் போய்ப் படகில் ஏறித் தூண்டில் போடுகிறான். ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவனுடைய பெட்டியைத் திறந்தபோது பல்வைத்தியருடைய பெட்டியோ என்று சந்தேகப்பட்டேன். கைப்பிடி வைத்த ஊசி ஒன்று, வளையக்கூடிய மெல்லிய கம்பிகள் சில, கத்தரிக்கோல், உள்ளங்கையில் அடங்கும் கத்தி, வெப்பமானி.

ஒரு கொடுவா வந்தது. இங்கே சீ பாஸ் என்பார்கள். எங்கள் கொடுவாயின் ஒன்றுவிட்ட சகோதரம். முதலில் அளவுகோலில் கிடத்தினான். 42 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடலில் விட்டுவிட வேண்டும், அது இங்கே சட்டம். அளவு காணும் என்றதும் ஈரத்துணியால் மீனின் கண்ணை மூடினான். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மேலே ஊசியை வைத்து ஒரு குத்து. மீன் வாயைப் பிளந்தது, செட்டைகள் எல்லாம் விறைத்து எழுந்தன, பிறகு ஒரேயடியாகத் தளர்ந்தது. மூளை போய்விட்டது என்றான். அடுத்ததாகச் செவுளைத் தூக்கி, செவுளுக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டினான். மீனைத் தலைகீழாகக் கடல்நீர் வாளிக்குள் அமிழ்த்தி வாலைப் பிடித்து அசைத்தபடி நின்றான். தண்ணீர் நாவல்பழச் சாறாக மாறியது. இதயம் இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கும் மாமா, அதுதான் எங்களுக்காகப் பம்ப் பண்ணுது என்றான். கடைசியாக, குத்திய துளை வழியே கம்பியை முதுகெலும்புக்கு மேலுள்ள நரம்புக் குழாய்க்குள் செலுத்தினான். செத்த மீன் வால்வரைக்கும் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. பிறகு கடல்நீரும் ஐஸும் கலந்த கூழுக்குள் புதைத்தான்.

இக்கெஜிமே என்று பெயர் சொன்னான். ஜப்பானியர் வழிமுறை. மத்திய லண்டனில் சில உணவகங்களில் மீனின் பெயருக்குக் கீழே இந்த மரண முறையையும் அச்சடித்து, அதற்கும் சேர்த்து விலை போடுகிறார்கள்.

எங்கள் காலத்தில் மீனில் இரத்தம் இல்லாவிட்டால் விலை குறையும்.

எங்கள் வீடு தெல்லிப்பழையில். மயிலிட்டிக் கரை சைக்கிள் தூரம். எழுபதுகளில் அது வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. விடியப்புறத்தில் மூன்றரைத் தொன் போட்டுகள் வரிசையாக வந்து சேரும். அறக்குளா, சூரை, சுறா எல்லாம் கரையில் குவியும். ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். அங்கே வாங்கி, சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, எங்கள் ஒழுங்கைக்கு மீன்காரர் வந்து சேர எட்டு மணியாகும். அம்மம்மா படலைக்கு வந்து முதலில் மீனைப் பார்க்கமாட்டா. பெட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பா. அது சிவப்பாக இருக்க வேண்டும். பிறகு செவுளை விரலால் தூக்குவா. அதுவும் சிவப்பு. கண் பிதுங்கி நிற்கிறதா, வயிற்றில் அமர்த்தினால் குழி விழுகிறதா என்பதெல்லாம் இரண்டாம் கட்ட விசாரணை. முதல் சாட்சி இரத்தம்.

"உது முந்தநாள் செத்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பா. மீன்காரர் சத்தியம் பண்ணுவார். கடலம்மா மேல், பிள்ளைகள் மேல். அம்மம்மா நாலு அடி நடந்து நிற்பா. விலை இறங்கும்.

பிரித்தானியர் இதே வேலையைச் செய்ய அபர்டீனில் 1929இல் டொறி என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். கொட் மீனை அவித்து, பழக்கப்பட்ட மூக்குகள் முகர்ந்து, பத்திலிருந்து மூன்று வரைக்கும் புள்ளி போடுவார்கள். பத்து என்றால் அப்போதுதான் வந்தது. மூன்று என்றால் பூனைக்கும் வேண்டாம். அம்மம்மாவுக்கு அவிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. மதிலுக்கு அங்கால் வரும்போதே மூன்றா எட்டா என்று சொல்லிவிடுவா. அந்த நிலையத்தைத் தொண்ணூறுகளில் மூடிவிட்டார்கள். அம்மம்மாவும் அதே பத்தாண்டில்தான் கண்ணை மூடினா.

இரத்தம்தான் சாட்சி என்று வாங்குகிறவர்கள் முடிவு செய்துவிட்டால், விற்கிறவர்கள் சாட்சியைத் தயார் பண்ணிக்கொள்வார்கள். சந்தையில் ஒரு கிழவி தன் கால்களுக்கு இடையில் ஒரு பால்மா ரின் வைத்திருப்பா. நான் அதை வெற்றிலைத் துப்பல் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சுறா வெட்டிய இரத்தம் அது. கொஞ்சம் தண்ணீர் கலந்து, வெயில் ஏற ஏற, கையை நனைத்துப் பாரையின் மேலும் விளைமீனின் செவுளுக்குள்ளும் தெளித்துவிடுவா. ஒரு மீனின் இரத்தம் இன்னொரு மீனுக்கு நற்சான்றிதழ். சந்தையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சிவப்பாய் இருக்கிறதைத்தான் வாங்கினார்கள்.

அப்பாவுக்கு மயிலிட்டியில் படகு வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் பழக்கம். நல்ல மீன் வேண்டுமென்றால் நேரே அவரிடம் போவோம். ஒரு நாள் அவருடைய வளவில் அவர்களுடைய சமையலுக்கென்று ஒதுக்கிய சூரையைப் பார்த்தேன். கழுத்தின் இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது. செவுள் வெளுத்துப்போய்க் கிடந்தது. பழசு என்று அப்பாவின் காதுக்குள் சொன்னேன். சம்மாட்டியாருக்குக் கேட்டுவிட்டது.

"பழசில்லைத் தம்பி. கயித்திலை வந்தது. எங்கடை வீட்டுக்கு எண்டால் உயிரோடை கழுத்தை வெட்டிக் கடலுக்கை தொங்க விட்டுத்தான் எடுக்கிறது. கறி கறுக்காது, மணக்காது."

அப்படியென்றால் விற்கிறதையும் அப்படிச் செய்யலாமே என்று அப்பா கேட்டார்.

"உங்கடை ஆக்களுக்கு இரத்தம் காட்டாட்டி வாங்கமாட்டினமே ஐயா" என்றார் அவர். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா சைக்கிளைத் திருப்பினார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அந்த மனிதர் சொன்ன இரண்டு வசனத்தைத்தான் பிற்பாடு விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மீனின் உடம்பில் இரத்தம் அதிகம் இல்லை. எடையில் நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று பங்கு. அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் தசையில் இருக்கிறது, மிச்சமெல்லாம் உள்ளுறுப்புகளில். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்துக்காக ஹுஸ் என்ற டென்மார்க் ஆய்வாளர் 1995இல் தொகுத்த நூல் இப்படிச் சொல்கிறது. இவ்வளவு கொஞ்சமான சாமானுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். கொஞ்சம்தான், ஆனால் அதில் இரும்பு இருக்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் மீனின் கொழுப்போடு சேர்ந்து அதைக் காறல் எடுக்கப் பண்ணுகிறது. தசை பழுப்பாகிறது, முள்ளை ஒட்டிக் கறுக்கிறது. பக்டீரியாவுக்கும் அது விருந்து. வெள்ளைத் தசையுள்ள மீனில் கண்ணுக்கு அசிங்கம். கும்பிளா, சூரை மாதிரிக் கொழுத்த மீனில் நாக்குக்கே அசிங்கம்.

எப்படி வெட்டுகிறோம் என்பதைவிட எப்போது வெட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். உயிர் இருக்கும்போது, அல்லது செத்துச் சில நிமிடங்களுக்குள் வெட்ட வேண்டும். அரை மணித்தியாலம் தாண்டினால் இரத்தம் உறைந்துவிடும். பிறகு எந்தப் பெரிய கத்தியாலும் பிரயோசனமில்லை. சூரைக்கு இன்னுமொரு சிக்கல். அதன் உடம்பு சுற்றியுள்ள கடல்நீரைவிடச் சூடு. தூண்டிலில் நெடுநேரம் இழுபட்டால் சூடு இன்னும் ஏறும், தசையில் அமிலம் ஏறும், வெட்டிப் பார்த்தால் அரைவேக்காடாக வெளிறிப்போயிருக்கும். ஆகவே சூரை பிடிக்கிறவர்கள் செவுளோடு நிற்பதில்லை. பக்கச் செட்டைக்குப் பின்னால் சில விரல் தள்ளி, தோலுக்குக் கீழே ஓடும் குழாயையும் இருபுறமும் கீறிவிடுகிறார்கள். இரத்தத்தோடு சூடும் வெளியே போகும்.

மூளையில் குத்துவதும் கம்பி விடுவதும் வேறு கணக்கு. துடித்துச் சாகிற மீன் தன் தசையிலிருக்கும் சக்தியைத் துடிப்பிலேயே செலவழித்துவிடுகிறது. சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்து, சீக்கிரம் கெடுகிறது. துடிக்காமல் போனால் அந்தச் சக்திப் பொருள் மெதுவாக உடைந்து, நடுவழியில் ஐ.எம்.பி என்ற ஒன்றாக மாறி நிற்கும். நாக்கில் சுவை என்று ஊறுவது அதுதான். கொடாமா என்ற ஜப்பானியர் 1913இல் அதைக் கண்டுபிடித்தது காய்ந்த சூரைக் கட்டையில். எங்களுக்கு அது புதினமில்லை. மாலைதீவிலிருந்து வந்த மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலுக்குள் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஐ.எம்.பி இருந்தது, பெயர்தான் இல்லை. அந்த மாசிக்கான சூரையையும் மாலைதீவுக்காரர் வலையில் பிடிப்பதில்லை. உயிர்ச் சின்னமீனை இரையாக எறிந்து, கம்புத் தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறார்கள்.

சம்மாட்டியாருக்கு இதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தும் சந்தைக்கு வந்த மீனில் ஏன் அதைச் செய்யவில்லை? எங்கள் பெண்டுகள் இரத்தம் கேட்டது ஒரு காரணம். மற்றக் காரணம் வலை. இரவு முழுதும் மிதக்கவிட்ட வலையில் தலை மாட்டிக்கொண்ட மீன், வலை இழுக்கும்போது பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். இதயம் நின்ற மீனின் கழுத்தை வெட்டுவது மையித்துக்கு மருந்து கொடுப்பதுதான். தூண்டிலில் வருகிறதைத்தான் வெட்டலாம். சுறா தூண்டிலில் வந்தால் அதன் மண்டையில் பொல்லால் அடிப்பார்கள். ருசிக்காக இல்லை, கடி வாங்காமல் இருக்க.

இரத்தம் உள்ளே இருக்கிற மீனைத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டோம் என்றால், நாங்கள் ஏன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடவில்லை? முதலாவது, கரை பக்கம். விடிய வந்த மீன் மத்தியானம் சட்டியில். கெடுவதற்கு நேரம் கொடுத்தால்தானே கெடும். இரண்டாவது, புளி. மீன் நாற்றம் என்று நாங்கள் சொல்கிற ட்ரைமெத்தில் அமைன் ஒரு காரப் பொருள். புளியின் அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கிச் சட்டிக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும். ஆவியாகி மூக்குக்கு வராது. தெற்கே சிங்களவர்கள் சூரையைக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் பூசி வற்றக் காய்ச்சி அம்புல் தியல் வைப்பதும் அதே தந்திரம். மேலே தேங்காய்ப்பால், வெந்தயம், வறுத்து இடித்த தூள். கத்தி செய்ய வேண்டிய வேலையைப் புளி செய்தது. ஜப்பானியன் மீனைப் பச்சையாகத் தின்னுகிறான். அவனுக்கு ஒளித்து வைக்க இடமில்லை. கடலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். எங்கள் அடுப்பங்கரை பெருந்தன்மையானது. கடலில் நடந்த குற்றங்களை அது மன்னித்துவிடும்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், வாடகை மலிவாக, எங்கள் நிறத்தில் சனம் இருக்கிற இடம் என்று சவுத்தாலில் ஓர் அறையில் இருந்தோம். மீன் என்றால் ரின் மீன். வெளியே போனால் பிஷ் அன்ட் சிப்ஸ். மாவுக்குள் இருக்கும் கொட் மீனைப் பிரித்தால் பஞ்சு மாதிரி வெள்ளை. ஒரு கறுப்புக் கோடு கிடையாது, ஒரு மணம் கிடையாது. "வெள்ளைக்காரன்ரை மீன் அவனை மாதிரித்தான், உப்புச்சப்பில்லை" என்று அறையில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. நோர்வேக்காரரும் ஐஸ்லாந்துக்காரரும் கொட் பிடித்த கையோடு தொண்டையை வெட்டி, இரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸில் வைக்கிறார்கள். சம்மாட்டியார் தன் வீட்டுக்கென்று செய்ததை அவர்கள் ஊருக்கே செய்திருக்கிறார்கள். நாங்கள் அதன்மேல் வினாகிரி ஊற்றி, போதாதென்று பையில் கொண்டுபோன மிளகாய்த்தூளையும் தூவித் தின்றோம்.

ஊரில் 1990 ஜூனில் போரினால் மயிலிட்டி முழுதுமாக இடம்பெயர்ந்தது. துறைமுகம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது; 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் கரைக்குப் போகவே பாஸ் வேண்டியிருந்தவர்களிடம் மீனின் செவுள் நிறத்தைப் பற்றி யாரும் கதைத்திருக்கமாட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் இங்கே எங்கள் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உறைந்த அறக்குளா வந்தது. ஓமான், இந்தியா, இலங்கை என்று பெட்டியில் எழுதியிருக்கும். முழு மீன் விறகுக்கட்டை மாதிரி வரும். கடைக்காரத் தம்பி அதை மின்வாளில் கொடுத்தால் கிரீச்சென்று சத்தம் எழும்பும். வாளின் அடியில் மீன்தூள் மரத்தூளாகக் குவியும். துண்டின் நடுவில் முள்ளைச் சுற்றிக் கறுத்த இரத்தம் கட்டியிருக்கும். வலையில் செத்தது, வெட்டாதது, மாதக்கணக்கில் உறைந்தது. எங்கள் ஆட்களுக்கு அதைக் கண்டால் சந்தோஷம்: "பார், இரத்தம் நிக்குது!" ஒரு பெரியவர், கோட்டும் குல்லாயுமாக, உறைபெட்டிக்குள் கையை விட்டு ஒரு முழுப் பாரையை எடுத்து, கார்ச் சாவியால் செவுளின் மேல் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கல்லாகிப்போன மீன் அது, பிடித்த திகதி பெட்டியிலேயே இருக்கிறது. அவருக்கு அதெல்லாம் தேவையில்லை. செவுளைப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் சுரண்டியபின் சிவப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. திருப்தியாகத் தராசில் வைத்தார்.

2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்குத் தடை போட்டது. மீன் கெட்டுப்போய் அல்ல. ஆழ்கடலில் யார் எங்கே பிடிக்கிறார்கள் என்று கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்று. பிரித்தானியா அப்போது ஒன்றியத்துக்குள் இருந்தது. 2016இல் தடை நீங்கும்வரை வேறு கடல்களின் கெலவல்லாச் சூரைதான். மனைவி தடை நீங்கிய பிறகும் நெடுநாள் இலங்கை மீன் இல்லாததால்தான் கறி சரிவரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தைக் குறைசொல்லத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் அவள்தான். பிரெக்சிற் வாக்கெடுப்பு வந்ததே பிறகுதான்.

இப்படியான ஒரு வீட்டுக்குத்தான் மருமகன் நியூஹேவன் மீனைக் கொண்டுவந்தான். ஒரு கொடுவாயும் ஒரு பை நிறையக் கானாங்கெளுத்தியும். கானாங்கெளுத்திக்கும் அவசரமாகக் கழுத்தை ஒடித்து, இரத்தம் வடித்திருந்தான். அது அவ்வளவு சீக்கிரம் கெடுகிற மீன். 1698ஆம் ஆண்டிலேயே லண்டனில், ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பாவம் என்றிருந்த காலத்தில், கானாங்கெளுத்தியை மட்டும் பூசைக்கு முன்னும் பின்னும் விற்கலாம் என்று சட்டம் விலக்குக் கொடுத்தது. கடவுள் காத்திருப்பார், அந்த மீன் காத்திருக்காது.

மனைவி பையைத் திறந்தாள். செவுளைத் தூக்கினாள். அது வெளிறிய இளஞ்சிவப்பு. என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது பழசெல்லே?"

"இன்றைக்குக் காலைமை பிடிச்சது மாமி" என்றான் அவன். "இரத்தம் எல்லாம் எடுத்தாச்சு."

"ஏன் எடுத்தனி?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் நீளமான பதில் இருந்தது. இதயம், ஹீமோகுளோபின், ஐ.எம்.பி என்று இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். பிறகு அவன் இன்னொன்று சொன்னான், அங்கேதான் சண்டை வந்தது. கொடுவாயை இன்றைக்குச் சமைக்கக் கூடாதாம். குடலெடுத்து, ஈரம் துடைத்து, தாளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள் வைத்திருந்தால்தான் சுவை ஏறுமாம். இரத்தம் நீக்கிய மீனுக்குத்தான் அப்படி இருக்க முடியுமாம். வேறு மீன் என்றால் நாறிவிடும்.

நேற்றைய மீன் என்பது எங்கள் வளர்ப்பில் ஒரு வசவு. சம்பந்தம் பேச வந்த இடத்தில் நேற்றைய மீனைக் காய்ச்சினார்கள் என்று கலியாணம் குழம்பிய கதை என் தாய்வழியில் இருக்கிறது. காலையில் பிடித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஐந்து நாள் பழசாக்குவதற்குக் காத்திருப்பதை எந்த மொழியில் சொன்னாலும் மாமிக்கு விளங்காது. லண்டன் உணவகங்களில் அப்படி வைத்த மீனுக்கு விலை அதிகம் என்று சொல்லிப் பார்த்தான். "அவங்கள் வித்து முடியாததுக்கு ஒரு பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்றாள். எனக்கு அவள் பக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பழைய சரக்கைத் தள்ளுகிறவன் இனிமேல் மீன்காரக் கிழவி மாதிரி ரின்னும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தாளில் சுற்றி வைத்துவிட்டு ஒரு ஜப்பானியச் சொல்லைச் சொன்னால் போதும். உண்மையாகச் செய்தானா இல்லையா என்று நாங்கள் கடலுக்குப் போய்ப் பார்க்கவா போகிறோம்? அன்றைக்குச் சிவப்பை நம்பினோம், இன்றைக்கு வெளிறலை நம்பச் சொல்கிறார்கள்.

ஆனால் அவன் சொன்னது சரி. அவன் கொடுவாயைத் தன் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டான். அடுத்த கிழமை அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, மெல்லிசாகச் சீவி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் தொட்டு எனக்கு மட்டும் தந்தான். இறுக்கமாக, இனிப்பாக, மணமே இல்லாமல் இருந்தது. மாசிச் சம்பலின் அடியில் இருக்கும் அந்த ருசி, மிளகாயும் வெங்காயமும் கழன்றுபோய்த் தனியாக வந்து நின்றது. மனைவி அறைக்குள் இருந்தாள். அதிகம் புகழவில்லை.

கானாங்கெளுத்தியை அவள் அன்றைக்கே காய்ச்சினாள். வழமையான கணக்கில் புளி கரைத்து, வழமையான கணக்கில் தூள் போட்டு. மருமகன் அடுப்புப் பக்கம் நின்று, இவ்வளவு புளி தேவையில்லை மாமி, இது மணக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கோப்பையில் வந்தபோது கறி புளித்துக் கிடந்தது. பிடித்துக்கொள்ள எதிராளி இல்லாமல் புளி தனியே நின்றது. பெரியமனதோடு எல்லோரும் சாப்பிட்டோம்.

அவன் இப்போதும் மாதத்தில் ஒரு தரம் மீன் கொண்டுவருகிறான். கடலுக்குப் போகும் முதல்நாள் மாமியிடமிருந்து அவனுக்குத் தொலைபேசி போகும். கழுத்து வெட்டித்தான் கொண்டுவா என்று அவள் சொல்வதில்லை. போன முறை மாதிரிக் கொண்டுவா என்று சொல்கிறாள். அவன் மீன் என்றால் புளி உருண்டை பாதியாகச் சிறுத்துவிடுகிறது. அதை நான் கவனித்ததை அவளும் கவனித்தாள். மதுரையிலிருந்து வந்த புதுப் பக்கெற் புளி, நல்ல புளி, கொஞ்சம் போட்டாலே காணும் என்றாள்.